குடற்சுவரில் கசிவு: அடைப்பதா, ஆற விடுவதா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், வகுப்பு முடிந்ததும் முதலாண்டு மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான். அவன் கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. குடலில் விழுந்த ஓட்டைகளை அடைக்கும் பொடி என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். விலை 1,800 ரூபாய்.

"தங்கைக்கு நாலு வயசு சார். இரண்டு நாளா வயிற்றுப்போக்கு. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்னு பாட்டி தண்ணீரையே நிறுத்திட்டாங்க. இந்தப் பொடியை வாங்கலாமா சார்?" என்று கேட்டான்.

நான் இயற்பியல் ஆசிரியன், வைத்தியன் அல்லன். ஆயினும் இரண்டு செய்திகளை அவனிடம் உடனே சொல்ல முடிந்தது. ஒன்று, தண்ணீரை நிறுத்தியது பெரும் தவறு. மற்றொன்று, பொடிக்கு அலையாமல் குழந்தையை இப்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். அவன் ஓடினான். அந்தப் பொடியைப் பற்றிய கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. குடலில் உண்மையிலேயே ஓட்டை விழுமா? விழுந்தால் அதை எப்படி அளப்பது? எப்படிச் சரிசெய்வது? மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விகளுக்கு நான் தேடி அறிந்த விடைகளை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒற்றை அடுக்குச் சுவர்

நம் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள குழாய். அதன் உட்புறம் வழவழப்பாக இல்லை. மடிப்புகளும், மடிப்புகளின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள விரல் போன்ற குடலுறிஞ்சிகளும், அவற்றின் செல்களின் மேல் இன்னும் நுண்ணிய முடி போன்ற நீட்சிகளும் உள்ளன. இவையெல்லாம் சேர்ந்து குடலின் பரப்பைப் பன்மடங்கு பெருக்குகின்றன. இப்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானத்துக்குச் சமம் என்று பழைய பாடநூல்களில் படித்திருப்பீர்கள். 2014-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மீண்டும் கணக்கிட்டதில் அது சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று தெரிந்தது. அதாவது 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு வகுப்பறையின் தரை அளவு.

இவ்வளவு பரந்த சுவரின் தடிமன் எவ்வளவு தெரியுமா? உணவுக்கும் உடலின் உட்புறத்துக்கும் இடையே நிற்பது ஒரே ஓர் அடுக்குச் செல்களே. அந்த அடுக்கின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 40-இல் ஒரு பங்கு! அதன் ஒரு பக்கம் எண்ணற்ற பாக்டீரியாக்களும், செரிமான நீர்களும், நாம் விழுங்கிய அனைத்தும் இருக்கின்றன. மறு பக்கம் இரத்தம் ஓடுகிறது.

இச்சுவருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு வேலைகள் உண்டு. உணவையும் நீரையும் உள்ளே விட வேண்டும். கிருமிகளையும் நச்சுகளையும் தடுக்க வேண்டும். நாள்தோறும் நாம் குடிக்கும் நீர் சுமார் 2 லிட்டர். உடலே குடலுக்குள் சுரக்கும் நீர்கள் சுமார் 7 லிட்டர். ஆக 9 லிட்டர் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவதோ 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். மீதியெல்லாம் இச்சுவர் வழியே திரும்ப உறிஞ்சப்படுகிறது. அடைத்த சுவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியாது. குடற்சுவர் கதவுகள் உள்ள சுவர்.

செங்கற்களுக்கு இடையே

செல்களைச் செங்கற்கள் என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்கிடையே உள்ள சாந்து எது? 1963-இல் அமெரிக்காவில் மரிலின் ஃபார்குவார், ஜார்ஜ் பலாடே என்னும் இரு அறிஞர்கள் மின்னணு நுண்ணோக்கியால் இதைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த செல்களின் மேல்விளிம்புகள் நெருக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தன. இதற்கு இறுக்கப் பிணைப்பு என்று பெயர். 1998-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் சூகிதா என்பவரின் குழு, இப்பிணைப்பைத் தைக்கும் முக்கியப் புரதங்களைக் கண்டுபிடித்து அவற்றுக்குக் கிளாடின் என்று பெயரிட்டது.

இனி நம் துறைக்கு வருவோம். டென்மார்க் அறிஞர் ஹான்ஸ் உஸ்ஸிங், தவளைத் தோலை இரு உப்புக்கரைசல்களுக்கு நடுவே திரை போலப் பொருத்தி, அதன் ஊடே செல்லும் மின்னோட்டத்தை அளந்தார். 1951-இல் வெளியான அந்த முறையில் இன்றும் சவ்வுகளின் மின்தடையை அளக்கிறார்கள். சிறுநீர்ப்பையின் உட்படலத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு, பல ஆயிரம் ஓம் தடை உண்டு. சிறுகுடலின் உட்படலத்துக்கோ சில பத்து ஓம் மட்டுமே!

இதன் பொருள் என்ன? சிறுகுடல் இயல்பாகவே கசியும் சவ்வு. உப்பு அயனிகளும் நீரும் செல்களுக்கு இடையே ஓரளவு ஊடுருவிச் செல்வது அதன் பிறவிக்குணம். எனவே 'உங்கள் குடல் கசிகிறது' என்று ஒருவர் அச்சுறுத்தினால், 'எல்லார் குடலும் கசிகிறது. எவ்வளவு பெரிய மூலக்கூறு கசிகிறது என்பதல்லவா கேள்வி?' என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

இரு சர்க்கரைகளால் அளத்தல்

அதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. மானிட்டால், லாக்டுலோஸ் என்னும் இரு சர்க்கரைப் பொருள்களைக் கலந்து குடிக்கக் கொடுக்கிறார்கள். மானிட்டாலின் மூலக்கூறு எடை 182. லாக்டுலோசின் எடை 342. இவ்விரண்டும் இரத்தத்தில் கலந்தால் உடல் பெரும்பாலும் இவற்றை எரிக்காமல் சிறுநீரில் தள்ளிவிடும். சில மணி நேரம் சிறுநீரைச் சேகரித்து, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

நலமான குடலில் சிறியதான மானிட்டாலில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உள்ளே செல்லும். பெரியதான லாக்டுலோசில் நூற்றில் ஒரு பங்குகூடச் செல்லாது. குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோனால் பரப்புக் குறைவதால் மானிட்டால் குறையும். பிணைப்புகள் நெகிழ்ந்தால் லாக்டுலோஸ் கூடும். ஆகவே லாக்டுலோசை மானிட்டாலால் வகுத்துக் கிடைக்கும் விகிதம், இரு கேடுகளிலும் உயரும்.

ஏன் விகிதம்? வீட்ஸ்டன் சமனச் சுற்றை நினைத்துப் பாருங்கள். மின்கலம் சற்று வலுவிழந்தாலும் சமநிலை மாறாது. தடைகளின் விகிதம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கும். அதுபோலவே, வயிறு மெதுவாகக் காலியானாலும் சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் அது இரு சர்க்கரைகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கும். வகுக்கும்போது அப்பிழை பெரும்பாலும் நீங்கிவிடும்.

கோதுமையை நிறுத்திய மருத்துவர்

சுவர் பழுதாகும் நோய்களில் நன்கு ஆராயப்பட்டது சீலியாக் நோய். குழந்தை உண்ணும், ஆனால் வளராது. வயிறு உப்பும், மலம் கொழுப்புடன் வெளியேறும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல குழந்தைகள் இதனால் மாண்டனர். 1924-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ், மாவு உணவுகளை விலக்கி வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழத்தின் மகிமை என்று உலகம் நம்பியது.

உண்மையைக் கண்டவர் நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமையை நிறுத்தினால் இக்குழந்தைகள் தேறுகிறார்கள் என்பதை 1930-களிலேயே அவர் கவனித்தார். 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்நாட்டில் கொடும் பஞ்சம் வந்தது. ரொட்டி அரிதாகிவிட்ட அக்காலத்திலும் சீலியாக் குழந்தைகள் மோசமடையவில்லை. ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பியது. 1950-இல் தம் ஆய்வேட்டில் டிக்கே இதை விளக்கினார். நலம் தந்தது வாழைப்பழத்தைச் சேர்த்தது அன்று; கோதுமையை நீக்கியதே!

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் புரதம் முழுமையாகச் செரிப்பதில்லை. அதன் துண்டுகளை எதிரியென்று கருதி, இந்நோய்க்கான மரபுத்தன்மை உள்ளவரின் நோய் எதிர்ப்புச் செல்கள் தாக்குகின்றன. அந்தப் போரில் சொந்தக் குடலுறிஞ்சிகளே அழிகின்றன. சிகிச்சை, வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது. நம் ஊர் அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் எல்லாம் சாப்பிடலாம். ரவை, மைதா, சேமியா கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா சேர்ப்பதுண்டு என்பதால் அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் இந்நோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, வடக்கில் நூற்றுக்குச் சுமார் ஒருவருக்கும், தெற்கில் ஆயிரத்துக்குச் சுமார் ஒருவருக்கும் இது இருக்கிறது. ஆகவே யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகச் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள். முதலில் இரத்தப் பரிசோதனை. பிறகுதான் உணவு மாற்றம். முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் பரிசோதனையே பொய்த்துப்போகும்.

பூட்டை இறுக்கும் மருந்து

காரணத்தை விலக்குவது ஒரு வழி. நெகிழ்ந்த பிணைப்பையே நேரடியாக இறுக்கிவிட்டால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததே லாரசோடைடு என்னும் மருந்து. சீலியாக் நோயாளிகளிடம் அது பல கட்டச் சோதனைகளைக் கடந்து மூன்றாம் கட்டத்தை எட்டியது. ஆனால் 2022-இல் இடைக்காலக் கணக்கைப் பார்த்தபோது, பயனை நிறுவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்ததால் அச்சோதனை நிறுத்தப்பட்டது.

கதவை மட்டும் இறுக்குவதால் உள்ளே மூண்ட தீ அணைவதில்லை. இதை வேறொரு நோயும் காட்டுகிறது. குரோன் நோயில் நோய் எதிர்ப்பு மண்டலமே குடலைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. அதற்கு அழற்சியைத் தூண்டும் ஒரு புரதத்தை மடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்னும் மருந்து, 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் தனித்த திரவ ஊட்டம் மட்டுமே கொடுத்தும் அழற்சியைத் தணிக்கிறார்கள். அழற்சி தணிந்தால் கசிவும் குறைகிறது.

இவ்வாறு ஆறுவதற்கு ஒரு வியப்பான காரணம் உண்டு. குடலின் உட்படலச் செல்கள் 3 முதல் 5 நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து, அடிக்குழிகளிலிருந்து புதியவை முளைத்து மேலே வருகின்றன. நம் உடலில் இவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படும் பகுதிகள் மிகச் சிலவே. செங்கல் உடையும் வேகத்தைக் குறைத்தால் போதும். கொத்தனார் உள்ளேயே இருக்கிறார்! ஆனால் பல ஆண்டு அழற்சி தணிய நாளாகும். அதனால் சீலியாக் நோயில் குடலுறிஞ்சிகள் முழுதும் நிமிர மாதங்கள், பெரியவர்களுக்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம்.

உப்பும் சர்க்கரையும்

இனி அந்த நான்கு வயதுக் குழந்தைக்கு வருவோம். வயிற்றுப்போக்கில் சுவருக்கு நேர்வது எல்லாக் கிருமிகளிலும் ஒன்றல்ல. ரோட்டா வைரஸ் குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களை அழிக்கிறது. காலரா நச்சோ சுவரை உடைப்பதே இல்லை. செல்களிலுள்ள குளோரைடு வாயில்களைத் திறந்தபடி நிறுத்திவிடுகிறது. உப்பு வெளியேறுகிறது, சவ்வூடு பரவலால் நீரும் அதன் பின்னே பாய்கிறது. இரண்டிலும் உயிரைப் பறிப்பது நீரிழப்பே.

1960-இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். குடற்செல்லில் குளுக்கோசும் சோடியமும் ஒரே வாயில் வழியே, ஒன்றையொன்று கைப்பிடித்தாற்போல் உள்ளே வருகின்றன என்பதே அது. இந்த வாயிலைக் காலரா நச்சால் மூட முடியாது. சோடியம் உள்ளே போனால் நீரும் தொடரும். எனவே வெறும் நீர் போதாது. உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் சேர வேண்டும்.

1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மஹலனபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. மறைவுக்குப் பின் 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

இன்றைய உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில், ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம் உள்ளன. இதன் சவ்வூடு அடர்வு 245 அலகு. இரத்தத்தின் அடர்வு சுமார் 290. அடர்வு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே இக்கரைசலின் நீர் குடலிலிருந்து இரத்தத்துக்குச் செல்கிறது. பாட்டில்களில் விற்கும் இனிப்புப் பானங்களின் அடர்வோ இரத்தத்தைவிட மிகுதியாக இருக்கலாம். அவை நீரை எதிர்த்திசையில் இழுத்துப் போக்கை மிகுவிக்கும்.

பொட்டலம் கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பைக் கண்ணளவாக அள்ளிப் போடாதீர்கள், மிகுந்தால் ஆபத்து.

கரைசல் நீரிழப்பைத்தான் ஈடுசெய்கிறது. சுவர் விரைந்து ஆறத் துத்தநாகம் உதவுகிறது. உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் 2004-இல், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாகத்தை 10 முதல் 14 நாள் கொடுக்கப் பரிந்துரைத்தன. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 10 மில்லிகிராம். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. குடற்செல்களுக்கும் உணவு வேண்டுமல்லவா?

இதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவைக் கரைசலுடன் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். போக்கின் அளவும் நாளும் குறைந்தன என்று 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். சிறுகுடலில் செரிக்காத மாவைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அவை அங்கே உப்பையும் நீரையும் உறிஞ்சத் தூண்டுகின்றன. வங்கதேசத்தில் வேகவைத்த வாழைக்காயைக் கொண்டு செய்த சோதனைகளிலும் குழந்தைகளின் போக்கு குறைந்தது. இரு சர்க்கரைச் சோதனையும் குடற்கசிவு குறைந்ததைக் காட்டியது.

தீராத கணக்கு

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அசுத்தச் சூழலில் வளரும் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு வெளிப்படையான நோய் இல்லாமலேயே குடலுறிஞ்சிகள் தேய்ந்திருக்கின்றன. உண்பது உடலில் ஒட்டுவதில்லை. வங்கதேசம், கென்யா, சிம்பாப்வே நாடுகளில், வீட்டுக்கொரு கழிப்பறை, கை கழுவ வசதி, நீருக்குக் குளோரின் ஆகியவற்றைத் தந்து பெரும் சோதனைகள் நடந்தன. 2018, 2019-இல் முடிவுகள் வந்தன. வங்கதேசத்தில் வயிற்றுப்போக்கு குறைந்தது. ஆனால் மூன்று நாடுகளிலும் இவ்வசதிகளால் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. ஒரு வீட்டை மட்டும் தூய்மையாக்கினால் போதாது, தெருவும் ஊரும் தண்ணீர்க் குழாயும் தூய்மையாக வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கூறுகிறார்கள். இதை விடுவிக்கும் பொறுப்பு உங்கள் தலைமுறைக்கு மிச்சம் இருக்கிறது.

விளம்பரப் பொடிகளுக்கு வருவோம். அவற்றில் பலவற்றில் குளூட்டமின் என்னும் அமினோ அமிலம் உண்டு. குறிப்பிட்ட சில நோய்நிலைகளில் அது பலன் தந்ததாகச் சிறு ஆய்வுகள் உள்ளன. ஆனால் சோர்வு, தலைவலி, முகப்பரு எல்லாவற்றுக்கும் குடல் ஓட்டையே காரணம் என்பதற்கும், பொடி அதை அடைக்கும் என்பதற்கும் சான்று இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கசிவை எதனால் அளந்தீர்கள்? கசிவுக்குக் காரணம் என்ன? பொடி பெறாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டீர்களா?

அந்தக் குழந்தைக்குச் சுகாதார நிலையத்தில் கரைசல் பொட்டலங்களும் துத்தநாக மாத்திரைகளும் கொடுத்தார்கள். காசு எதுவும் வாங்கவில்லை. இரவு முழுவதும் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கரைசலைப் புகட்டியவர் அதே பாட்டிதானாம். மறு வாரம் மாணவன் வந்து சொன்னான்: "பாட்டி இப்போ தெருவில் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கிட்டிருக்காங்க சார்."

செய்து பாருங்கள்: இரண்டு கிண்ணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் நீரும், மற்றொன்றில் கெட்டியான சர்க்கரைப் பாகும் ஊற்றுங்கள். ஒவ்வொன்றிலும் உருளைக்கிழங்கின் ஒரே அளவுள்ள துண்டுகளைப் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். எது விறைத்தது, எது துவண்டது? உப்புச் சர்க்கரைக் கரைசலில் சர்க்கரையை ஏன் அளவோடு போட வேண்டும் என்பதை அந்தக் கிழங்கே சொல்லிவிடும்.